எர்த் அண்ணை

அவர் எந்தப் பொருளையும் முதலில் உள்ளங்கையால் தொட்டு நான் கண்டதில்லை. மோட்டர் என்றால் விளங்கும். வாளியையும் அப்படித்தான் தொடுவார். இரும்புக் கதிரை, பஸ்ஸின் கைபிடி, கிணற்றடிக் கப்பி எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. வலது கையைத் திருப்பி, விரல்களின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி, ஒரு கணம் பொறுத்து, அதன் பிறகுதான் பிடிப்பார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி தண்ணீர் வார்த்து நீட்டிய மூக்குப்பேணியையும் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். “என்ன, நான் வடிவாக் கழுவேல்லை எண்டு நினைக்கிறாரோ?” என்று அவள் அன்று முழுக்க என்னோடு கொதித்துக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கனகராயன்குளத்துக்குக் கிட்ட, கண்டி வீதியிலிருந்து காட்டுப் பக்கம் இறங்கும் கிறவல் பாதையில் ஓர் அரிசி மில் இருந்தது. நான் அங்கே ஸ்ரோர் கீப்பர். அந்தப் பக்கத்துக்கு மின்சாரக் கம்பி வந்திருக்கவில்லை. மில்லுக்கென்று ஒரு பெரிய டீசல் ஜெனரேற்றர் வைத்திருந்தார்கள். அதையும், அது ஓட்டுகிற ஆறு மோட்டர்களையும் பார்ப்பதற்கு முதலாளி எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்த ஆள்தான் அவர். பெயரை எழுதப்போவதில்லை. மரண விசாரணைக் கடதாசிகளில் அதைப் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நாங்கள் அவரைக் கூப்பிட்டது எர்த் அண்ணை என்று.

அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருக்கும். நிமிர்த்த ஏலாது. அதற்கு மில்லில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன்.

“உள்ளங்கையாலை பிடிச்சனான்,” என்றார். “கறண்ட் கையை மூடப்பண்ணும். பிறகு நீர் நினைச்சாலும் விட ஏலாது. புறங்கை எண்டால் அது உதறித் தள்ளும். அவ்வளவுதான்.”

“எங்கை நடந்தது அண்ணை?”

“எங்கை நடந்தால் உமக்கென்ன? எங்கையும் நடக்கும்.”

இப்படித்தான் பேசுவார். பேச்சில் ஈரம் கிடையாது. யாரையும் நம்பவும் மாட்டார். அதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விசயம், கடைசி விசயமும் அதுதான். “சுவிச்சை நிப்பாட்டிப்போட்டன் அண்ணை” என்று சொன்னால், “சரி” என்பார். பிறகு எழும்பிப் போய்த் தானே பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து இன்னொரு முறை போவார். மில்லில் வேலைசெய்தவர்களுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. வளர்ந்த மனிதர்களைப் பச்சைப் பிள்ளைகள் மாதிரி நடத்துகிறார் என்று அவருக்குப் பின்னால் பல்லைக் கடித்தார்கள். நானும் கடித்தவன்தான்.

ஒருமுறை உமி தள்ளும் விசிறிக்குள் கை வைத்து வேலைசெய்ய வேண்டியிருந்தது. அவர் பலகையிலிருந்த பியூஸ் மூன்றையும் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது. மத்தியானம் தன் அறைக்குச் சாப்பிடப் போனார். பியூஸும் பையோடு போய்விட்டது. அன்றைக்கென்று பார்த்து முதலாளி சாவகச்சேரியிலிருந்து காரில் வந்து இறங்கினார். மில் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

எர்த் அண்ணை கை கழுவிக்கொண்டு ஆறுதலாக வந்தார்.

“ஏன் காணும், பியூஸைக் கொண்டு திரியிறீர்? இஞ்சை இருக்கிற ஒருத்தரிலையும் உமக்கு நம்பிக்கை இல்லையோ?”

“நல்ல ஆக்கள்தான் ஐயா. ஆனால் மறப்பினம். பையிலை இருந்தால் ஆர் மறந்தாலும் ஒண்டும் நடக்காது.”

“நீர் மறந்தால்?”

அவர் பலகையடிக்குப் போனார். பியூஸை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டுத் தட்டினார்.

இனி, அவருக்கு அந்தப் பெயரைத் தந்த எர்த் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லுக்குப் பின்னால், நெல் ஊறவைக்கும் தொட்டிகளுக்கு அப்பால், ஆளுயரத்துக்கும் மேலாகத் தோண்டி அவரே ஒரு குழி வைத்திருந்தார். அதற்குள் நட்டுவைத்த நீட்டு இரும்புக் குழாய் ஒன்றின் தலை மட்டும் நிலத்துக்கு மேலே ஒரு முழம் தெரியும். குழாயைச் சுற்றிச் சிரட்டைக் கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மாறி மாறிக் கொட்டி நிரப்பியிருந்தார். தலையில் ஒரு பித்தளைப் பட்டி. அந்தப் பட்டியிலிருந்து தடித்த செப்புக் கம்பி ஒன்று மில்லுக்குள் போய் ஆறு மோட்டர்களின் இரும்பு உடம்பையும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

“உள்ளுக்கை வயரின்ரை தோல் உரிஞ்சு இரும்பிலை முட்டிச்சுதெண்டால் கறண்ட் இரும்புக்கு வந்திடும்,” என்று ஒருநாள் சொன்னார். “வந்தது போக ஒரு வழி வேணும். நான் இதுக்குள்ளாலை வழி குடுத்திருக்கிறன். இந்த வழி இல்லாட்டி, தொடுற ஆளுக்குள்ளாலை அது தன்ரை வழியை எடுக்கும்.”

வன்னி மண் கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்துவிடும். காய்ந்த மண்ணுக்குள் மின்சாரம் இறங்காது. ஆகவே குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வாளி தண்ணீர். மாதம் ஒருமுறை பஸ் ஏறி ஆனையிறவுக்குப் போய் ஒரு சாக்குக் கல்லுப்பைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். பக்கத்துக் கடையில் உப்பு வாங்கிக் கொட்டலாமே என்றால் கேட்கமாட்டார். காலையில் மில் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, இரண்டு வயர் தொங்கும் ஒரு பல்பை எடுத்துக்கொண்டு வருவார். ஒரு வயரைக் கறண்ட் வரும் கம்பியில் வைப்பார், மற்றதைக் குழிக்குப் போகும் கம்பியில் வைப்பார். பல்ப் பளிச்சென்று எரிந்தால் வழி நல்லாயிருக்கிறது. மங்கினால் இன்னும் இரண்டு வாளி. அந்தப் பல்ப் எரியாமல் ஒரு மோட்டரும் ஒருநாளும் சுற்றியதில்லை. லொறிகள் வரிசையில் நின்றாலும் சரிதான்.

ஒரு வருடம் மழை பொய்த்துவிட்டது. குளம் சேறாகி, பிறகு சேறும் இல்லாமல் போனது. மில் கிணற்றில் ஊறுகிற தண்ணீருக்குச் சுற்றுவட்டாரப் பெண்கள் விடியுமுன்னே குடங்களோடு வந்து நிற்பார்கள். அந்தத் தண்ணீரில் இரண்டு வாளியை ஒரு மனிதன் தூக்கிக்கொண்டு போய் உப்புக் குழியில் ஊற்றினால் பார்த்துக்கொண்டு நிற்பார்களா?

பரமேசக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். நெல் ஊறவைக்கும் தொட்டியில் வேலைசெய்கிறவள். நாள் முழுக்க முழங்காலளவு ஈரத்தில் நின்று, ஊறிய நெல்லை அள்ளி அவிக்கிற கொப்பரைக்குக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் பெரிது. மனம் அதைவிடப் பெரிது.

“என்ரை பிள்ளையள் நாக்கு வறண்டு கிடக்குதுகள். நீங்கள் நிலத்துக்கு வாக்கிறியளோ? உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?”

“தள்ளு பிள்ளை.”

“தள்ளமாட்டன்.”

“இந்தத் தண்ணி உனக்குத்தான்,” என்றார் அவர். “உன்ரை கால் எந்த நேரமும் ஈரம். முதல்லை போறது நீதான்.”

அவளுக்கு அது சாபம் போட்ட மாதிரி இருந்திருக்கிறது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு விலகிவிட்டாள். அவர் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் வாளியோடு திரும்பிப் போனார். விளங்கப்படுத்த நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையை அவர் செலவழிக்கவில்லை.

பரமேசக்கா தனக்குத் தெரிந்த வழியில் யோசித்திருக்கிறாள். ஒருவர் நாள் தவறாமல் நீர் வார்க்கிறார். உப்பும் கரியும் படைக்கிறார். வார்க்காவிட்டால் உயிர் போகும் என்கிறார். காட்டோரத்தில், நிலத்திலிருந்து நிமிர்ந்து நிற்கிறது ஓர் இரும்பு. வன்னியில் இதைப் பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? வைரவர்தான். அடுத்த வெள்ளிக்கிழமை குழாயடியில் ஒரு கற்பூரம் எரிந்தது. பிறகு செவ்வரத்தம்பூ வந்தது. கடைசியில் வடைமாலையே வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் தொட்டிப் பெண்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்கினார்கள். தன் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கொண்டுவந்து வார்க்கிற அளவுக்குப் பரமேசக்கா மாறிவிட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அண்ணை, உங்கடை குழாய் சாமியாகிப்போச்சு. நீங்கள்தான் இனிப் பூசாரி.”

அவர் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

“சாமியெண்டால் தண்ணி ஊத்துவினமோ?”

“நீங்கள் மறந்தாலும் அவை மறவாயினம்.”

“அப்ப இருக்கட்டும்.”

இந்த ஒரு சொல்லுக்காக நான் அவரை இன்றும் முழுதாக மன்னிக்கவில்லை. எவர் சொல்லையும் நம்பாத மனிதர், அந்தப் பெண்களுடைய நம்பிக்கையை மட்டும் வாளிக்குப் பதிலாகப் பாவித்தார். அது சாமியில்லை, அதில் மாற்றக்கூடாத காரியங்கள் இருக்கின்றன என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

அந்த வருட ஆயுத பூசைக்கு மில்லை இரண்டு நாள் நிறுத்தினோம். இயந்திரங்களைக் கழுவி, சந்தனம் பூசி, மாவிலை கட்டினோம். பரமேசக்கா என்னிடம் வந்தாள்.

“தம்பி, எல்லாத்துக்கும் வடிவு பாக்கிறியள். வைரவரை ஒருக்காப் பாருங்கோவன். கறள் பிடிச்சு, பட்டியெல்லாம் பச்சை பூத்து, பாக்கவே மனவருத்தமாக் கிடக்கு. ஒரு பெயின்ற் அடிச்சுவிடன் ராசா.”

ஸ்ரோரில் உழவு இயந்திரத்தின் றெயிலர் பெட்டிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் இருந்தது. எர்த் அண்ணை அன்றைக்குக் காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தார். பட்டியின் இரண்டு ஆணிகளையும் கழற்றி, குழாயை மணற்கடதாசி போட்டுத் தேய்த்து, ஒரு பூச்சு அடித்தேன். காய்ந்த பிறகு மற்றப் பூச்சு. பட்டியையும் விடவில்லை, உள்ளும் புறமும் அடித்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அடுத்த நாள் நன்றாகக் காய்ந்ததும் பட்டியைப் போட்டு ஸ்பானரால் இறுக்கினேன். பரமேசக்கா பூச் சாத்தி, தேங்காய் உடைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். அவளுடைய கணவர் கந்தையா அண்ணையும் தோட்டத்திலிருந்து வந்து பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை இரண்டு லொறி நெல் வந்து நின்றது. நான் எர்த் அண்ணையின் அறைக்குப் போனேன். போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார்.

“பூசைக்குக் குழியடியிலை ஆரும் கை வைச்சவையோ?”

“நான்தான் அண்ணை. பட்டியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பப் பூட்டினனான்.”

“இறுக்கினனீரோ?”

“ஓம். ஸ்பானர் போட்டு நல்லா இறுக்கினனான்.”

பெயின்ற் என்ற சொல் என் வாயில் வரவில்லை. வேண்டுமென்று மறைத்தேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். கொஞ்சம் மறைத்தேன். சாமி வேலையில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று கிண்டலடிப்பாரே என்ற கூச்சம். அவ்வளவுதான், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அவர் கண்ணை மூடியபடி கிடந்தார். பிறகு சொன்னார்: “நீர் ஒரு ஆணியையும் மறக்கிற ஆளில்லை. பல்ப் வைச்சுப் பாக்காட்டியும் பரவாயில்லை. ஓடவிடும்.”

மூன்று வருடத்தில் அவர் ஒருவரை நம்பியது அன்று ஒரு நாள்தான். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஓடிப்போய் ஜெனரேற்றர்காரனிடம், “எர்த் அண்ணை ஓடவிடச் சொன்னவர்” என்று மார்தட்டிக்கொண்டு சொன்னேன்.

ஒன்பது மணியிருக்கும். தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் மோட்டரில், பூசைக்குக் கழுவும்போது எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது. பரமேசக்கா தொட்டிக்குள் நின்றபடி அந்தப் பம்பின் குழாயைப் பிடித்தாள். அவள் கத்தவில்லை. குனிந்து ஏதோ தேடுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். பிறகுதான் ஒருத்தி அலறினாள். நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை இழுத்தேன். கொப்பரைக்காரர் விறகுக் கட்டையால் அவள் கையைக் குழாயிலிருந்து தட்டிவிட்டார். ஈரநெல்லின் மேல் கிடத்தினோம். உயிர் இல்லை.

எர்த் அண்ணை போர்வையோடு வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். எழும்பிப் போய் மோட்டர்களின் பியூஸ் எல்லாவற்றையும் கழற்றினார். பிறகு மெயின் சுவிச்சைத் திரும்பப் போட்டுவிட்டுப் பல்பை எடுத்தார். ஒரு வயரை இங்கே, ஒரு வயரை அங்கே. பல்ப் எரியவில்லை. மங்கலாகக்கூட இல்லை. கம்பியின் வழியே நடந்து குழியடிக்குப் போனார். பூவும் தேங்காயும் கிடந்தன. பட்டியைக் கழற்றினார். அதற்குக் கீழே என்னுடைய சிவப்புப் பெயின்ற் ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது.

பெயின்ற் மின்சாரத்தை விடாது. இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவில் நான் சுவர் எழுப்பியிருந்தேன். அதுவும் அழகாக.

கத்தியால் ஓரிடத்தைச் சுரண்டினார். வெறும் இரும்பு தெரிந்தது. மில்லிலிருந்து கறண்ட் வயர் ஒன்றை நீட்டி இழுத்துவந்து, பல்பின் ஒரு வயரை அதிலும் மற்றதை இரும்பிலும் வைத்தார். பல்ப் எரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்து ஒரு அறை தந்திருந்தால் என் பாரத்தில் பாதி அன்றைக்கே இறங்கியிருக்கும்.

மரண விசாரணை மில்லின் கந்தோர் அறையில் நடந்தது. எர்த் ஏன் வேலைசெய்யவில்லை என்று அதிகாரி கேட்டார். பட்டி சரியாகப் பிடிக்கவில்லை என்றார் எர்த் அண்ணை. யார் பூட்டியது என்று அதிகாரி கேட்டார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆர் பூட்டினாலும் சோதிக்க வேண்டியது நான். சோதிக்காமல் ஓடவிட்டதும் நான்.”

அதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். “அண்ணை, ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?”

“நீர் பொய் சொல்லேல்லை. இறுக்கினனீரோ எண்டு கேட்டன், இறுக்கினனான் எண்டு சொன்னீர். நான் கேட்டது காணாது, இன்னும் கேட்டிருக்க வேணும்.”

“நான் போய்ச் சொல்லட்டோ?”

“உம்மடை விருப்பம்,” என்றார். அவர் அப்படிச் சொன்னது என்னை விடுதலை பண்ணுவதற்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். அது என் வசதி.

ஊரில் வேறு கதை ஓடியது. பூசையில் ஏதோ குறை, வைரவர் கோபித்துவிட்டார் என்றார்கள். அவள் மாதத் துடக்கோடு வந்து பூச் சாத்தியிருப்பாள் என்று கூசாமல் சொன்னவர்களும் இருந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் கந்தையா அண்ணை மில்லுக்கு வந்தார். மழிக்காத முகம். எர்த் அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நீங்கள்தானே வைரவருக்கு முதல் நீர் வாத்தனீங்கள். உங்களுக்குத்தான் தெரியும். அவள் என்ன குறை வைச்சவள்? தன்ரை வாய்த் தண்ணியை அவருக்குக் குடுத்தவள்.”

“அவா ஒரு குறையும் வைக்கேல்லை,” என்றார் எர்த் அண்ணை. “அது சாமியில்லை அண்ணை. கறண்ட் மண்ணுக்குள்ளை இறங்கிறதுக்கு வைச்ச வெறும் குழாய். அண்டைக்குச் சரியா இருக்கோ எண்டு நான் பாக்கேல்லை. அதுதான் நடந்தது.”

கந்தையா அண்ணைக்கு அது இறங்க நேரமெடுத்தது.

“சாமியில்லை எண்டால் ஏன் அவளுக்குச் சொல்லேல்லை? மாசக்கணக்காக் கும்பிட்டவள்.”

“தண்ணி ஊத்தினா. அதுக்காகச் சொல்லேல்லை.”

நான் இரண்டு பேருக்கும் நடுவில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். பெயின்றைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கந்தையா அண்ணை காறித் துப்பினார். எச்சில் எர்த் அண்ணையின் சட்டையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அந்தக் கிழமையே மில்லை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார், இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

கந்தையா அண்ணைக்கு என்னில் அளவு கடந்த பாசம். எர்த் அண்ணை சொன்ன பிறகும் அவருக்கு அந்தக் குழாய் வைரவர்தான். பரமேசக்காவின் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஆள் விட்டுக் கூப்பிடுவார். வந்திருக்கிறவர்களுக்கு என்னைக் காட்டி, “இந்தத் தம்பிதான் அவள் கடைசியாக் கேட்டதைச் செய்து குடுத்தவர். வைரவருக்குப் பெயின்ற் அடிச்சவர். அவள் அவ்வளவு சந்தோசமாப் போனவள்” என்று சொல்வார். படையல் முடிந்ததும் முதல் இலை எனக்குத்தான். தானே குனிந்து சோறு போடுவார். அவர் சாகும்வரை, ஒரு வருடமும் தவறாமல் போய் இருந்து சாப்பிட்டேன்.